மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை: நீதிபதியாக அவரை நாம் நினைவுகூர்கிறோமா?

துலாக்கட்டம் எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிறந்து 2026 அக்டோபர் 11ஆம் நாளுடன் 200 ஆண்டுகள் நிறைவடைகின்றன. அவருடைய பெயரைச் சொன்னதும் ‘தமிழின் முதல் நாவலை எழுதியவர்’ என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருக்கிறது. ஆனால் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறிய 1879ஆம் ஆண்டில் அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். நீதிமன்றப் பணியிலிருந்து விலகியும் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன்பே எங்கள் ஊரான மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) அவரை நன்றாக அறிந்திருந்தது. ஊர் அறிந்தது ஒரு முன்சீபை.

திருச்சிராப்பள்ளிச் சீமையின் குளத்தூரில் 1826இல் பிறந்தவர் அவர். தமிழும் ஆங்கிலமும் கற்று, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பிறகு மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி கிடைத்தது. 1845வரை டென்மார்க்குக்காரர் வசம் இருந்த ஊர் அது. ஆங்கிலேயர் கைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கிருந்து சீர்காழி, பின்னர் மாயூரம். 1872இல் பதவியை விட்ட பிறகும் அவர் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. மாயூரத்திலேயே தங்கி, நகராட்சித் தலைவராகப் பணியாற்றி, 1889 ஜூலை 21ஆம் நாள் காலமானார். இன்று அவர் பெயருக்கு முன்னால் நிற்பது பிறந்த ஊரன்று, நீதி வழங்கிய ஊர்.

நாவலாசிரியர் வேதநாயகம் பிள்ளையைப் பற்றி ஆய்வேடுகளும் கருத்தரங்குகளும் உண்டு. நீதிபதி வேதநாயகம் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவர்களோ மிகச் சிலர். இருநூறாம் ஆண்டிலாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். நீதித்துறையிலும் சட்டக் கல்வியிலும் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


பழைய_பெஞ்ச்_கிளார்க் எழுதியது:

துலாக்கட்டம் ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் உரிமையியல் நீதிமன்றங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முன்சீப் என்றால் யார் என்பதை முதலில் சொன்னால்தான், அந்தப் பதவியில் ஒருவர் நேர்மையாக இருப்பதன் அருமை மற்றவர்களுக்கு விளங்கும்.

நீதித்துறை ஏணியில் முன்சீப் கோர்ட் கீழ்ப்படி. கொலை வழக்கு அங்கே வராது. செய்தித்தாளில் இடம்பிடிக்கும் வழக்குகளும் பெரும்பாலும் வருவதில்லை. வருவதெல்லாம் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, புரோநோட்டுக் கடன், வண்டிப்பாதை உரிமை, வாய்க்கால் தண்ணீர் முறை. இரண்டு மா நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் பத்து ஆண்டுகள் வாய்தா வாய்தாவாக வந்து நிற்பார்கள். அந்த இரண்டு மா நிலம்தான் அவர்களுக்கு உலகம். அதை யாருக்கு என்று சொல்கிறவர்தான் அவர்கள் காணும் அரசாங்கம். மாவட்ட நீதிமன்றம்வரை மேல்முறையீடு செய்யப் பணமும் தெம்பும் உள்ளவர்கள் குறைவு. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு வெறும் பெயர்தான். ஆகவே முன்சீப் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்கும் வழி அத்துடன் அடைபட்டுவிடும்.

சிறிய ஊர் நீதிபதிக்கு வேறொரு சோதனையும் உண்டு. கோவிலிலும் கடைத்தெருவிலும் திருமண வீட்டிலும் அவர் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் ஏதோ ஒரு வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இருப்பார்கள். வாழைத்தாரும் நெல் மூட்டையும் வீட்டுத் திண்ணைக்கு எப்படி வந்தன என்று தெரியாமலே வந்து இறங்கும். வேதநாயகம் பிள்ளை இதை நன்கு அறிந்தவர். முன்சீப் பதவிக்கு வந்த சில ஆண்டுகளுக்குள், 1859இல், அவர் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலி, அதாவது லஞ்சம், என்ற தலைப்பில் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். லஞ்சம் வாங்குகிற உத்தியோகஸ்தர்களைச் சாடிக் கீர்த்தனையும் எழுதினார். பதவியில் இருக்கும் ஒருவர் தம் துறையின் நோயைத் தாமே பாடி அச்சிடுவது எளிய செயலன்று. அந்தப் பாட்டைப் படித்த மறுநாளே யாராவது அவருடைய தீர்ப்பில் குற்றம் காட்டியிருந்தால், அவர் பாடலே அவருக்கு எதிரான சாட்சியாகியிருக்கும். அப்படி எழுதத் துணிந்தவருக்குத் தம் கை சுத்தம் என்பதில் ஐயம் இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு நீதிமன்றத்தில், தீர்ப்பு நகலைப் பெற்றுக்கொண்ட மூதாட்டி ஒருவர் என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தார். நகல் கட்டணம் எல்லாம் சரியாகக் கட்டியிருந்தார். வேறெதுவும் பாக்கி இல்லை. என்ன அம்மா என்று கேட்டபோது, பதினோரு பக்க ஆங்கில நகலை இரண்டு கைகளாலும் நீட்டி, “நான் ஜெயிச்சேனா தோத்தேனா, அதை மட்டும் சொல்லுங்க தம்பி” என்றார். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, வழக்கு அவருக்குச் சாதகமாக டிக்ரி ஆகியிருப்பதைச் சொன்னேன். அதன்பிறகும் அவர் போகவில்லை. எதனால் ஜெயித்தேன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை அந்தப் பதினோரு பக்கங்களிலும் இருந்தது. அவரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வேதநாயகம் பிள்ளை ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே கவலைப்பட்டது இதைப் பற்றித்தான்.


சட்டமாணவி எழுதியது:

ஐயா, நீங்கள் கடைசியில் தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். அவருடைய நூல்களில் சட்டம் பயில்கிறவர்கள் முதலில் அறிய வேண்டியது நாவலன்று, 1862இல் வெளிவந்த சித்தாந்த சங்கிரகம். சென்னையில் உயர் நீதிமன்றம் ஏற்படுவதற்கு முன்பு, மாகாணத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகச் சதர் அதாலத்து இருந்தது. 1805 முதல் 1861வரை அந்த மன்றம் ஆங்கிலத்தில் வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்துச் சுருக்கித் தமிழில் தந்த நூல் இது. நூல் வெளிவந்த 1862இல்தான் சதர் அதாலத்து மறைந்து சென்னை உயர் நீதிமன்றம் பிறந்தது. பழைய மன்றத்தின் அரை நூற்றாண்டுக்கும் மேலான தீர்ப்பு மரபு, மன்றம் மறைகிற அதே வேளையில் தமிழில் கிடைத்துவிட்டது.

இதன் பயன் என்னவென்று எண்ணிப் பாருங்கள். அக்காலத்து வெளியூர் நீதிமன்றங்களில் வழக்காடியவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. தத்தெடுப்பு, விதவையின் சொத்துரிமை, கூட்டுக் குடும்பக் கடன் ஆகியவற்றில் மேல்மன்றம் என்ன சொல்லியிருக்கிறது என்பதை ஆங்கிலம் அறிந்த சிலரே அறிவார்கள். அவர்கள் சொல்வதுதான் மற்றவர்களுக்குச் சட்டம். முன்தீர்ப்பு தெரிந்தவன் தெரியாதவனை எளிதில் மடக்கிவிடலாம். அந்த ஏற்றத்தாழ்வை ஒரு முன்சீப் தம் அலுவல் நேரத்துக்கு அப்பால் உட்கார்ந்து எழுதிக் குறைக்க முயன்றார். எந்த மேலதிகாரியும் அவருக்கு அந்த வேலையைக் கட்டளையாகத் தந்திருக்கவில்லை.

இந்நூலை உரைநடை வரலாற்றின் ஒரு படி என்று மட்டும் சிலர் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். என் பார்வையில் இதுதான் அவருடைய மிகப் பெரிய பொதுத்தொண்டு. ஒருவருக்கு ஒருநாள் உதவினால் அந்த நாள் கழியும். அவருடைய உரிமை எது என்று சொல்லிக்கொடுத்தால் அவர் தாமே நின்று வாதாடுவார்.


ஆரபி எழுதியது:

சட்ட மாணவியான தங்கையின் ஈடுபாட்டை மதிக்கிறேன். ஆனால் மிகப் பெரிய தொண்டு எது என்று சொல்லும்போது தாது வருஷப் பஞ்சத்தை விட்டுவிட முடியாது. 1876 முதல் 1878வரை தென்னிந்தியாவை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது அரசுத் தரப்பே ஒப்புக்கொண்ட கணக்கு. அந்த நாட்களில் வேதநாயகம் பிள்ளை பதவியில் இல்லை. மாதச் சம்பளம் இல்லாத அந்தக் காலத்தில்தான், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்து வந்தவர்களுக்கு உணவிட்டார்.

அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார், ‘நீயே புருஷ மேரு’ என்று தொடங்கும் பாடலை ஆரபி இராகத்தில் அவர்மீது பாடினார் என்பது இசை உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நந்தனார் சரித்திரத்தைப் பாடிய பாரதியார் செல்வர்களைத் தேடிப் புகழ்ந்து பாடுகிறவர் அல்லர். துறவிபோல் வாழ்ந்த ஒரு சிவபக்தர், கத்தோலிக்கரான ஓய்வுபெற்ற முன்சீபை மனித மேரு என்று பாடியிருக்கிறார் என்றால், மாயூரத்து வீதிகளில் அவர் கண்ட காட்சி அவரை எவ்வளவு அசைத்திருக்க வேண்டும்!

வேதநாயகம் பிள்ளையும் அந்தத் துயரத்தைப் பாடாமல் இல்லை. 1878இல் வெளியான சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் பஞ்சத்தைத் தீர்க்கும்படி இறைவனை வேண்டும் பாடல்கள் இருக்கின்றன. மேடையில் அவற்றைப் பாடுவோர் இன்று அரிது. இருநூறாம் ஆண்டில் அந்தப் பாடல்களை மட்டுமாவது எடுத்து ஒரு கச்சேரி வைக்க வேண்டும். சட்ட நூலைப் படிக்க எழுத்தறிவு வேண்டும், வழக்கு நடத்தப் பொருள் வேண்டும். வயிற்றில் ஒன்றுமில்லாமல் வந்தவனுக்கு அவை இரண்டும் இல்லை. அவனுக்குத் தேவைப்பட்டது கஞ்சி. அதைத் தந்தவரை அந்தக் கஞ்சிக்காகவே நினைப்பதுதான் முறை.


வரலாற்றாசிரியை_திருச்சி எழுதியது:

பஞ்சத்தைப் பற்றி நண்பர் ஆரபி எழுதியதோடு சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். தனிமனிதர் ஒருவரின் கொடையைச் சரியாக மதிப்பிட, அரசு அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் தெரிய வேண்டும்.

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைசிராய் லிட்டன், பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்துவதற்காக ரிச்சர்டு டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. நாள் முழுவதும் மண் சுமக்கும் உடலுக்கு அது காணாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். தானிய வாணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கையும் அன்று அதிகாரத்தில் இருந்தவர்களை இறுகப் பற்றியிருந்தது.

தஞ்சை மாவட்டத்தின் நிலை சற்று வேறு. காவிரிப் பாசனம் இருந்ததால் பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் போன்ற வறண்ட மாவட்டங்களைப்போல இங்கே விளைச்சல் அடியோடு பொய்க்கவில்லை. ஆனால் நெல் இருந்தும் விலை ஏறியது. நிலமில்லாத கூலிக்காரருக்கும் நெசவாளருக்கும் கண்ணெதிரே இருந்த நெல் எட்டாத பொருளாயிற்று. அவர்கள் பசித்தது விளைச்சல் இல்லாமையால் அன்று, வாங்கும் சக்தி இல்லாமையால். நெல் வைத்திருந்தவர்களுக்கு அது ஆதாயம் தந்த காலம். அப்படிப்பட்ட வட்டாரத்தில், அப்படிப்பட்ட வேளையில், சேர்த்து வைத்ததை விற்றுப் பெருக்காமல் கொதிக்கவைத்து ஊற்றியவர் என்பதுதான் வேதநாயகம் பிள்ளையின் கொடைக்குக் கூடுதல் எடை தருகிறது.

அதே நேரத்தில், அவரை எல்லா வகையிலும் குறையற்றவராகக் காட்டுவது அவருக்கே நியாயமாகாது. அவர் ஆங்கில ஆட்சியின் ஊழியர். அந்த ஆட்சியின் நன்மைகளில் நம்பிக்கை வைத்தவர். பஞ்சத்தைப் பெரிதாக்கிய கொள்கைகளை அவர் கடவுளிடம் முறையிட்ட அளவுக்கு அரசிடம் முறையிட்டதாக எனக்குத் தெரிந்த அவருடைய எழுத்துகளில் காணோம். 1870களில் ஒரு மாவட்ட நகரத்து மனிதரிடம் அதை எதிர்பார்க்கலாமா என்று கேட்டால், எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது என்பேன். ஆயினும், அநீதியைத் தீர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவரைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியையும் வைத்துத்தான் பேச வேண்டும்.


மணிக்கூண்டு எழுதியது:

பேச்சு நன்றாகப் போகிறது. ஆனால் இங்கே எல்லோரும் விட்டுவிட்ட ஒன்று நகராட்சி. 1866இல் ஏற்பட்டது மாயூரம் நகராட்சி. ஒரு நீதிபதி ஓய்வுக்குப் பிறகு அதன் தலைமையை ஏற்றார் என்றால், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, காலரா ஆகியவற்றைத் தம் கவலையாக ஏற்றார் என்று பொருள். புகழ் தராத வேலை அது. நகராட்சி வளாகத்தில் அவருக்கு ஒரு முழு உருவச் சிலை வைக்கக் கோரி நாம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து.


சட்டமாணவி எழுதியது:

சிலைக்கு நான் எதிரியல்லள். ஆனால் அவர் எதை விரும்பியிருப்பார் என்பதற்கு அவருடைய எழுத்திலேயே சான்று இருக்கிறது. பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் தமிழரான நீதிபதி முன்னிலையில் தமிழரான வக்கீல்கள் தமிழ்க் கட்சிக்காரருக்காக ஆங்கிலத்தில் வாதாடும் வழக்கத்தை அவர் விரிவாகக் கண்டித்திருக்கிறார். கதையைச் சற்றே நிறுத்திவைத்துவிட்டு அவர் பேசும் இடங்கள் பல உண்டு. இலக்கியத் திறனாய்வாளர்கள் அதைக் கட்டமைப்பின் குறை என்பார்கள். எனக்கு அந்தப் பகுதியில் கதாசிரியரின் குரல் கேட்கவில்லை, பல ஆண்டுகள் நீதிமன்ற இருக்கையில் அமர்ந்து, தனக்கு எதிராக என்ன பேசப்படுகிறது என்று விளங்காமல் நின்ற கட்சிக்காரரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்த ஒருவரின் குரல்தான் கேட்கிறது.

அந்த நாவலுக்குப் பின் நடந்தவற்றைப் பாருங்கள். தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுதுவதற்கான திருத்தம் 1976இல் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரிச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. அது இன்றுவரை நிறைவேறாத கோரிக்கையாகவே நிற்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் பெயர்த்து வெளியிடும் முறை 2019இல் தொடங்கியது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் 2019இல் தொடங்கிய பணிக்கு நிகரான ஒன்றை, ஒரு வட்டார முன்சீப் 1862இலேயே ஒற்றை ஆளாகச் செய்து முடித்து அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்.

பெஞ்ச் கிளார்க் ஐயா எழுதிய மூதாட்டியின் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. எங்கள் வகுப்பில் மாதிரி நீதிமன்றப் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது, எல்லாமே ஆங்கிலத்தில். வேதநாயகம் பிள்ளை பெயரில் தமிழ் மாதிரி நீதிமன்றப் போட்டி ஒன்று தொடங்கினால், தீர்ப்பைக் கட்சிக்காரருக்கு விளங்கும் தமிழில் எழுதும் பழக்கம் அடுத்த தலைமுறை வக்கீல்களுக்கு வரும். சித்தாந்த சங்கிரகத்தின் ஒரு பகுதியையாவது குறிப்புரையுடன் மறுபதிப்புச் செய்வதும் வேண்டும். கச்சேரியும் நடக்கட்டும், ஆரபி ஐயா. இரண்டுக்கும் பகை இல்லை.


கூறைநாடு எழுதியது:

பெரியோர்களுக்கு வணக்கம். எனக்கு நெடுநாளாக உள்ள ஓர் எண்ணத்தை இங்கே வைக்கிறேன். சிறிய ஊர் நீதிபதிக்கு உறவும் நட்புமே சோதனை என்று பெஞ்ச் கிளார்க் ஐயா எழுதினார். இன்றைய நீதிபதிகள் பலர் அதனால்தான் ஊரோடு ஒட்டாமலே இருந்துவிட்டு மாறுதலாகிப் போகிறார்கள். வேதநாயகம் பிள்ளையோ நேர்மாறாக வாழ்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். வேதநாயகம் பிள்ளை சீர்காழியில் முன்சீபாக இருந்தபோது மகாவித்துவான் அங்கே வந்து தங்கிச் சீகாழிக் கோவை என்ற சிற்றிலக்கியத்தைப் பாடினார். வேதநாயகம் பிள்ளையையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவையும் பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரிடமும் அவருக்கு மிகுந்த அன்பு இருந்தது. உ. வே. சாமிநாதையர் மகாவித்துவானின் மாணவராக மாயூரம் வந்த காலத்தில் அந்த வட்டத்தில் முன்சீப் பிள்ளையும் ஒருவராக இருந்ததைச் சாமிநாதையரே எழுதிவைத்திருக்கிறார்.

சைவ மடத்துப் புலவர் ஒருவர் கத்தோலிக்க நீதிபதியின்மீது கோவை பாடுவதும், அந்த நீதிபதி எல்லாச் சமயத்தாரும் பாடக்கூடிய கீர்த்தனைகளை இயற்றுவதும் அன்றைக்கு யாருக்கும் விந்தையாகப் படவில்லை. தம் கீர்த்தனைகளில் அவர் எந்தச் சமயத்தின் தெய்வப் பெயரையும் முன்னிறுத்தாமல் பொதுவாகக் கடவுளை விளித்தார். நீதிமன்றத்தில் எல்லாச் சாதியாரும் சமயத்தாரும் அவர்முன் ஒரே கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார்கள் அல்லவா? அந்த அனுபவம்தான் அவரை இப்படிப் பாடவைத்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

என் கேள்வி இதுதான். இத்தனை நண்பர்கள் சூழ வாழ்ந்தும் அவருடைய நடுநிலைமேல் ஊருக்கு நம்பிக்கை எப்படி நிலைத்தது? மடங்களும் மிராசுதார்களும் நிறைந்த வட்டாரத்தில் நில வழக்குகளுக்கா பஞ்சம்?


பழைய_பெஞ்ச்_கிளார்க் எழுதியது:

தம்பி கூறைநாடு கேட்டது நல்ல கேள்வி. என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். நீதிபதி ஊரோடு பழகுவதால் நம்பிக்கை கெடுவதில்லை. பழக்கம் இருந்தும் தீர்ப்பு மாறாது என்று ஊர் ஒரு முறை கண்ணால் கண்டுவிட்டால், பிறகு பழக்கமே அவருக்குப் பலமாகிவிடும். யாருடனும் பேசாத நீதிபதியைப் பற்றியும் வதந்தி கிளம்பும். அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாததால் எதையும் நம்பிவிடுவார்கள். தெரிந்த மனிதரைப் பற்றிப் பொய் சொன்னால் ‘அவரா? இருக்காதே’ என்று நாலு பேர் மறுப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அவர் நண்பர்கள் எல்லோரும் தமிழால் சேர்ந்தவர்கள். பாட்டுக் கேட்க வருகிறவன் வழக்கைப் பற்றிப் பேசினால் அந்தச் சபையிலேயே மதிப்பிழந்துவிடுவான். கைக்கூலியைக் கண்டித்துப் பாடிய மனிதரிடம் பரிந்துரை கேட்டுப் போவதற்கு எவருக்கும் நா எழுந்திருக்காது. ஊரறியத் தன் கொள்கையைச் சொல்லிவைத்தது அவருக்கு ஒரு வேலியாகவும் இருந்திருக்கும்.


வரலாற்றாசிரியை_திருச்சி எழுதியது:

பெண்களைப் பற்றி அவர் எழுதியதையும் நீதிபதி என்ற கோணத்திலிருந்தே பார்க்கலாம். பெண்கல்வி, பெண்மதி மாலை ஆகிய நூல்களை அவர் எழுதிய காலத்தில் முன்சீபாகத்தான் இருந்தார். நெருடலான செய்தி என்னவென்றால், பெண்மதி மாலையில் பெண்ணுக்குக் கூறும் அறிவுரைகள் பலவும் நல்ல மனைவி, நல்ல மருமகள் என்ற வட்டத்துக்குள்ளேயே நிற்கின்றன. இன்றைய வாசகி அதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பிரதாப முதலியார் சரித்திரத்தின் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டை ஆண்டு, வழக்குகளைக் கேட்டு, நீதி வழங்குகிறாள். 1887இல் வெளிவந்த சுகுண சுந்தரி என்ற மற்றொரு நாவலில் குழந்தை மணத்தைக் கண்டிக்கிறார். அவர் காலத்து நீதிமன்ற இருக்கையில் பெண் அமர்வதற்கு வழியே இல்லை. அந்த இருக்கையில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்த ஒருவர், கதையிலாவது தம் இடத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்து, ஆண்களைவிட நன்றாகத் தீர்ப்புச் சொல்லவைத்தார். அறிவுரை நூலில் அவர் கட்டிய எல்லையைக் கதையில் அவரே தாண்டியிருக்கிறார். இன்று முன்சீப் நீதிமன்றங்களில் பெண்கள் நிறைய அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இதைப் பற்றி நம் விழாவில் பேசினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!


துலாக்கட்டம் எழுதியது:

கருத்துரைத்த அனைவருக்கும் நன்றி. இங்கே எழுதப்பட்டவற்றைப் படித்த பிறகு, கஞ்சித் தொட்டியா சட்ட நூலா என்ற வழக்கில் நான் சட்ட மாணவியின் பக்கமே சாய்கிறேன் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கொடையாளர்கள் அந்தப் பஞ்சத்தில் வேறு ஊர்களிலும் இருந்தார்கள். மேல்மன்றத்துத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்து ஏழைக் கட்சிக்காரரின் கைக்கு எட்டவைத்த முன்சீப் அவர் ஒருவர்தான். ஆரபி அவர்கள் இதற்காக என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கச்சேரிக்கான பாடல் தெரிவை அவரிடமே ஒப்படைக்கிறேன்.

மூன்று கோரிக்கைகளுடன் ஒரு மனுவை எழுதத் தொடங்கியிருக்கிறேன். வழக்கறிஞர் சங்கத்தின் வழியாக, அவருடைய பிறந்த நாளில் தமிழ் மாதிரி நீதிமன்றப் போட்டி நடத்துவது முதலாவது. சித்தாந்த சங்கிரகத்திலிருந்து சொத்துரிமை, தத்தெடுப்பு ஆகியவை பற்றிய பகுதிகளை இன்றைய சட்டத்துடன் ஒப்பிட்ட குறிப்புகளோடு பதிப்பிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றை அணுகுவது இரண்டாவது. மணிக்கூண்டு அவர்கள் கேட்ட சிலை மூன்றாவது. அதன் பீடத்தில் ‘தமிழின் முதல் நாவலாசிரியர்’ என்ற வரிக்கு மேலே ‘மாயூரம் மாவட்ட முன்சீப்’ என்ற வரி பொறிக்கப்பட வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன். ஆங்கில ஆட்சியைப் பற்றி ஆசிரியை அம்மா எழுப்பிய கேள்வியை விழா மலரில் ஒரு கட்டுரையாக அவரே எழுதித் தர வேண்டும். அதை நாங்கள் வெட்டாமல் வெளியிடுவோம்.

பெஞ்ச் கிளார்க் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். போட்டிக்கான மாதிரி வழக்கை நீங்கள்தான் அமைத்துத் தர வேண்டும். வரப்புத் தகராறாகவே இருக்கட்டும். அண்ணன் தம்பி வழக்கு, இரண்டு மா நிலம். தீர்ப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மதிப்பெண் போடும் நடுவர்களில் ஒருவராவது சட்டம் படிக்காத, நீதிமன்றப் படி ஏறி இறங்கிய கட்சிக்காரராக இருக்க வேண்டும். யார் ஜெயித்தார், எதனால் ஜெயித்தார் என்று அவர் திருப்பிச் சொல்ல முடிந்தால்தான் அந்த அணிக்கு முழு மதிப்பெண்.

பழைய பதிப்புகள் யாரிடமாவது இருந்தால், ஒளிநகல் எடுத்துக்கொள்ள அனுமதி தந்து இந்த இழையிலேயே தெரிவிக்கவும்.